லண்டன் ஏலத்தில் பழைய போர்க்களச் சாக் சித்திரம் வாங்குவது எப்படி?

முன்னூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய ஓவியர் ஒருவர் சாக்கால் (வரைவதற்கான நிறக்கட்டியால்) வரைந்த போர்க்காட்சி ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ள நீங்கள் கோடீசுவரராக இருக்கத் தேவையில்லை. இத்தாலிய ஓவியர் ரஃபேல் கறுப்புச் சாக்கால் வரைந்த தலை ஒன்று 2012 டிசம்பரில் லண்டனில் 29.7 மில்லியன் பவுண்டுக்கு ஏலம் போனது. அது வேறு உலகம். வரைந்த கை யாருடையது என்று உறுதியாகத் தெரியாத குதிரைப்படை மோதல்கள், விழுந்த குதிரைகள், கொடியைப் பிடித்து இழுக்கும் வீரர்கள் போன்ற தாள்கள் சில நூறு பவுண்டு முதல் சில ஆயிரம் பவுண்டு வரையிலான விலையில் தொடர்ந்து விற்பனைக்கு வருகின்றன. போர்க்காட்சிக்கு வரவேற்பறையில் மவுசு குறைவு என்பதும் நமக்குச் சாதகம்.

கலை பற்றிப் புத்தகங்கள் நிறையச் சொல்லும். ரசீதில் என்னென்ன கட்டணம் ஏறும், எந்த ஆவணம் எப்போது கேட்பார்கள், தாளை எப்படித் திருப்பிப் பார்ப்பது என்பதை எதிலும் காணோம். அலைந்து திரிந்து தெரிந்துகொண்டவற்றை, லண்டனை மையமாக வைத்து, வரிசையாக எழுதுகிறேன். பாரிஸில் மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. எப்போது, எங்கே தேடுவது

பெரிய ஏல நிறுவனங்கள் பழைய சித்திரங்களை ஆண்டு முழுவதும் விற்பதில்லை. நியூயார்க்கில் ஜனவரி இறுதியை ஒட்டி, பாரிஸில் சலோன் டு தெஸ்ஸன் என்ற சித்திரக் கண்காட்சி நடக்கும் மார்ச்சில், லண்டனில் ஜூலைத் தொடக்கத்திலும் டிசம்பரிலும் என்று பருவம் உண்டு. இங்கிலாந்தின் சிறு நகர ஏலக்கூடங்களுக்குப் பருவம் கிடையாது. பீங்கான் தட்டுக்கும் கடிகாரத்துக்கும் நடுவே ஒரு நல்ல தாள் ஒளிந்திருக்கும். புதியவர்கள் அங்கே தொடங்குவதே நல்லது என்பேன்.

கேட்லாக் பொதுவாக ஏலத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் இணையத்தில் வந்துவிடும். அறிவிப்பு மின்னஞ்சலுக்குப் பதிவு செய்துவைத்து, 'பேட்டில்' (போர்), 'கேவல்ரி' (குதிரைப்படை), 'ஸ்கிர்மிஷ்' (சிறு மோதல்) என்ற சொற்களோடு ஓவியர் பெயர்களையும் கொடுங்கள். போர்க்காட்சியில் அடிக்கடி அடிபடும் பெயர்கள்: 'போர்கோன்யோனே' என்று அழைக்கப்பட்ட ழாக் கூர்த்துவா (1621–1676), நேப்பிள்ஸின் அனியெல்லோ ஃபால்கோனே, பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படையெடுப்புகளை வரைந்த வான் டெர் மூலன், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகர ருகெண்டாஸ், பிரான்சின் ஷார்ல் பரோசெல், வெனிஸ் பக்கத்தில் பணியாற்றிய சிமோனினி.

2. தலைப்பை எழுத்தெண்ணிப் படியுங்கள்

கேட்லாகில் ஓவியரின் பெயருக்கு முன்னால் வரும் ஒன்றிரண்டு சொற்கள்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. பெயர் மட்டும் இருந்தால், அவரே வரைந்தது என்பது நிறுவனத்தின் கருத்து. 'அட்ரிபியூட்டட் டு' என்றால் அவராக இருக்கலாம், உறுதி போதவில்லை. 'ஸ்டூடியோ ஆஃப்' என்பது அவருடைய பட்டறை. 'சர்க்கிள் ஆஃப்' என்றால் அவர் காலத்தவர், அவருடைய சாயல் உண்டு, அவ்வளவே. 'ஃபாலோயர் ஆஃப்' அவர் பாணியைப் பின்பற்றியவர். சீடராக இருக்க வேண்டும் என்பதில்லை. 'மேனர் ஆஃப்' என்றால் பாணி மட்டும், காலம் பிந்தியது. 'ஆஃப்டர்' என்று இருந்தால் நகல். எந்தக் காலத்து நகலாகவும் இருக்கலாம்.

கையெழுத்து விஷயத்திலும் இதே கதை. 'சைன்ட்' என்றால் ஓவியரே கையெழுத்திட்டார் என்று நம்புகிறார்கள். 'பேர்ஸ் சிக்னேச்சர்' என்றால் தாளில் ஒரு கையெழுத்து இருக்கிறது, யார் போட்டதோ! பழைய வியாபாரிகள் போர்க்காட்சி கண்ட இடமெல்லாம் 'போர்கோன்யோனே' என்று மசியால் எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

கிறிஸ்டீஸ், சதபீஸ் போன்ற நிறுவனங்கள் ஐந்தாண்டு உத்தரவாதம் தருகின்றன. ஆனால் அது தலைப்பில் உறுதியாகச் சொன்னதற்கு மட்டும்தான். 'சர்க்கிள் ஆஃப்' என்று வாங்கிய தாள் நாளை வேறு யாருடையதோ என்று தெரியவந்தால் பணம் திரும்பாது. சிறு ஏலக்கூடங்களில் புகார் சொல்லும் காலம் சில வாரங்களிலேயே முடிந்துவிடலாம். நிபந்தனைகளில் அந்தப் பத்தியைத் தேடி எடுத்து, ஏலம் கேட்கும் முன்பே படித்துவிடுங்கள்.

3. நிலை அறிக்கையை எழுத்தில் கேளுங்கள்

தாளின் நிலையைச் சொல்லும் 'கண்டிஷன் ரிப்போர்ட்' இலவசம். கேட்டால்தான் வரும். ஏலத்துக்கு இரண்டு நாள் முன்னால் எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் கேட்லாக் வந்த வாரத்திலேயே கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எனக்கு ஒரு கூடத்திலிருந்து வந்த அறிக்கை 'மொத்தத்தில் நல்ல நிலை' என்ற ஒற்றை வரி. போய்ப் பார்த்தால் தாள் முழுவதும் அட்டையில் ஒட்டப்பட்டிருந்தது. ஆகவே தனித்தனியாகக் கேளுங்கள்:

தாள் முழுவதும் ஒட்டப்பட்டிருக்கிறதா, மூலைகளில் மட்டும் பிடித்திருக்கிறதா? பின்பக்கத்தின் படம் தர முடியுமா? நீர்க்குறி (வெளிச்சத்தில் தெரியும், தாள் செய்தவரின் குறி) உண்டா? கிழிசல், ஓட்டை, பின்னர் ஒட்டுப்போட்ட மூலை எங்கே? சாக் தேய்ந்திருக்கிறதா, அதன்மேல் யாராவது பின்னாளில் கோட்டை அழுத்தி வரைந்திருக்கிறார்களா?

கடைசிக் கேள்வி முக்கியம். தேய்ந்துபோன குதிரையை வியாபாரிகள் 'எழுப்பி' விடுவார்கள். மங்கிய உடம்பின் நடுவே கண்ணும் மூக்குத்துளையும் மட்டும் கருகருவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

4. நேரில் போய்ப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு யாரும் கை தூக்க வேண்டாம். ஏலத்துக்கு முந்தைய சில நாள்கள் பார்வைக்கு வைப்பார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. கோட்டு, டை தேவையில்லை. 'சட்டத்திலிருந்து எடுத்துக் காட்ட முடியுமா?' என்று தயங்காமல் கேளுங்கள். அது அவர்களின் அன்றாட வேலை. நீங்கள் கொண்டுபோக வேண்டியவை இரண்டே: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறு டார்ச். டார்ச்சைத் தாளின் மேல் அடிக்கும் முன் அனுமதி கேளுங்கள். பேனாவைப் பையிலேயே விட்டுவிட்டுப் பென்சிலில் குறிப்பெடுங்கள்.

முதல் கேள்வி: இது சித்திரம்தானா? பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில் சிவப்புச் சாக் கோட்டை அப்படியே போலச்செய்யும் அச்சு முறை இருந்தது. ழில் தெமார்த்தோ அதில் கைதேர்ந்தவர். கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தால் ஏமாந்துபோவோம். லென்ஸை வையுங்கள். உண்மையான சாக், தாளின் மேடுகளில் மட்டும் படிந்து பள்ளங்களை வெள்ளையாக விட்டுவிடும். துகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். அச்சில் பல்சக்கரம் உருட்டிய புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கும், மை பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருக்கும். ஓரத்தைச் சுற்றித் தகடு அழுத்திய தடம் தெரிந்தால் முடிவே கட்டிவிடலாம். தடத்தை வெட்டி எடுத்தும் விற்பார்கள், ஆகவே தடம் இல்லை என்பது மட்டும் சான்றாகாது.

இரண்டாவது: எதிர்ப்படியா? ஈரத்தாளைச் சிவப்புச் சாக் சித்திரத்தின் மேல் வைத்து அழுத்தினால் இடவலம் மாறிய, மங்கலான இன்னொரு படி கிடைக்கும். அந்தக் காலத்திலேயே செய்தார்கள்; அதுவும் பழையதுதான், ஆனால் மதிப்பு வெகுவாகக் குறையும். கேட்லாகில் சொல்லாமலே விட்டுவிடுவது உண்டு. போர்க்காட்சியில் இதைக் கண்டுபிடிக்க அருமையான வழி இருக்கிறது. வீரர்களின் கையைப் பாருங்கள். எல்லோரும் இடக்கையில் வாள் பிடித்து, வலப்புற இடுப்பில் உறையைத் தொங்கவிட்டிருந்தால், அது இடக்கைக்காரர் படை அல்ல, எதிர்ப்படி! அல்லது அச்சுப் படத்தைப் பார்த்து வரைந்த நகல். அடுத்து நிழல் கோடுகள்: வலக்கைக்காரர் இழுக்கும் கோடுகள் மேல் வலத்திலிருந்து கீழ் இடத்துக்குச் சாயும். அவை முழுக்க எதிர்த்திசையில் சாய்ந்து, துகள் தட்டையாக அமுங்கியும் இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது.

மூன்றாவது: நகலா? சொந்தமாக யோசித்து வரைந்தவர் தடுமாறுவார். குதிரையின் முன்னங்கால் இரண்டு இடத்தில் இருக்கும், ஈட்டி ஒன்று பாதியில் கைவிடப்பட்டிருக்கும், புகைக்குள் ஒரு தலை தொடங்கி நின்றிருக்கும். நகலெடுப்பவருக்கு அந்தத் தடுமாற்றம் தேவையில்லை. ஒரே அழுத்தத்தில், சுற்றுக்கோடு மாறாமல், கடிவாள வளையம்வரை பொறுமையாகப் போட்டிருப்பார். அந்தோனியோ தெம்பெஸ்தாவின் போர்க்காட்சி அச்சுகள் ஐரோப்பா முழுவதும் பரவியிருந்ததால் அவற்றைப் பார்த்து வரைந்த தாள்கள் ஏராளம். பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையப் பட்டியலில் தெம்பெஸ்தாவைத் தேடி, உங்கள் குதிரை அங்கே நிற்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது: தாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய கைத்தாளில் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டி, ஏறக்குறைய இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் தடித்த கோடுகளும் தெரியும். இப்படிக் கோடே இல்லாமல் சீராகத் தெரியும் தாள் 1750களில்தான் இங்கிலாந்தில் வந்தது. பரவலானது அந்த நூற்றாண்டின் கடைசியில். 'பதினேழாம் நூற்றாண்டு' என்று போட்ட தாளில் கோடுகள் இல்லையென்றால் கைகுலுக்கிவிட்டு வந்துவிடுங்கள். ஆனால் பழைய தாள் என்பதாலேயே பழைய சித்திரம் ஆகிவிடாது. எரிக் ஹெபோர்ன் என்ற ஆங்கிலேயர் பழைய தாளைத் தேடிப் பிடித்து வரைந்த போலிகள் பெரிய அருங்காட்சியகங்களையே ஏமாற்றின.

வெளிறிய பழுப்பில் இருக்கும் தாள் ஒருகாலத்தில் நீலமாக இருந்திருக்கலாம்; சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரத்தில் பழைய நீலம் தெரியும். வெளிச்சம் எவ்வளவு தின்றிருக்கிறது என்பதற்கு அதுவே அளவுகோல். வாள்முனையில் மினுங்க வேண்டிய வெள்ளை கறுத்திருந்தால் அது ஈய வெள்ளை. காகிதப் பாதுகாப்பு நிபுணர் ஓரளவு சரிசெய்யலாம். பழுப்புப் புள்ளிகள் பெரிய குறையல்ல. தேய்ந்த சாக் மட்டும் எந்தச் செலவிலும் திரும்பாது.

5. முத்திரையும் முந்தைய சொந்தக்காரர்களும்

மூலையில் சிறு எழுத்து முத்திரை இருந்தால் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஸ் லுக்ட் 1921இல் தொகுத்த சேகரிப்பாளர் முத்திரைப் பட்டியலைப் பாரிஸின் ஃபொந்தாசியோன் குஸ்தோதியா இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கேட்லாகில் 'எல். 2092' என்று லுக்ட் பட்டியல் எண் இருந்தால் அது ஓவியரும் சேகரிப்பாளருமான சர் பீட்டர் லீலியின் முத்திரை, 'எல். 2445' அவரைப் போலவே ஓவியரும் சேகரிப்பாளருமான சர் தாமஸ் லாரன்ஸ். நல்ல முத்திரை விலையை ஏற்றும். போலி முத்திரையும் உண்டு. மசி தாளின் அழுக்குக்கு மேலே மிதக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

நாஜிகள் ஆண்ட 1933 முதல் 1945 வரை யாரிடம் இருந்தது என்பதில் இடைவெளி இருந்தால் எழுத்தில் கேளுங்கள். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. செக் நாட்டுப் புர்னோ நகரின் சேகரிப்பாளர் ஆர்தர் ஃபெல்ட்மனிடம் நாஜிகள் பறித்த பழைய சித்திரங்களில் சில பிரிட்டிஷ் மியூசியத்திலேயே இருந்தது பின்னாளில் தெரியவந்தது. திருடுபோன கலைப்பொருள்களின் பதிவேடான ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டரில் தேடிய சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். சிறு கூடங்களில் பெரும்பாலும் இருக்காது. கட்டணம் செலுத்தி நீங்களே தேடச் சொல்லலாம்.

6. உண்மையான செலவைக் கணக்கிடுங்கள்

சுத்தியல் விழும் விலை நீங்கள் கொடுக்கும் விலை அல்ல. அதன் மேல் வாங்குவோர் கட்டணம் ஏறும். லண்டனில் 25 முதல் 30 சதவீதம் வரை எதிர்பாருங்கள். அடிக்கடி மாற்றுகிறார்கள், அந்தந்த ஏலத்தின் நிபந்தனையைப் பாருங்கள். அந்தக் கட்டணத்தின் மேல் 20 சதவீத வாட் வரி.

கட்டணம் 26 சதவீதம் என்று வைத்துக்கொண்டால்: சுத்தியல் விலை 2,000 பவுண்டு. கட்டணம் 520. அதற்கு வாட் 104. மொத்தம் 2,624. பல கூடங்களில் லாட் (ஏலப்பொருள்) எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், வெளிநாட்டிலிருந்து விற்பனைக்கு வந்த பொருள் என்று அர்த்தம். சுத்தியல் விலைக்கு 5 சதவீத இறக்குமதி வரி, இன்னும் 100. வேறொரு இணையத் தளம் வழியாகக் கேட்டால் அந்தத் தளத்துக்கும் தனிக் கட்டணம். சிறு கூடங்களில் இது 3 முதல் 5 சதவீதம் வரை இருக்கலாம், அதற்கும் வாட். பாரிஸில் 2025 ஜனவரி முதல் கலைப்பொருள்களின் முழு விலைக்கும் 5.5 சதவீத வரி.

ஓவியர் இறந்து எழுபது ஆண்டு ஆகாதிருந்தால் வரும் மறுவிற்பனை உரிமைத் தொகை நமக்குப் பொருந்தாது. ஒரு நிம்மதி.

மறக்கக்கூடிய செலவுகள்: அமிலமில்லாத அட்டை, சட்டம், கண்ணாடிக்குச் சில நூறு பவுண்டு, ஒட்டிய தாளைப் பிரிக்க நிபுணருக்கு அதைவிடக் கூடலாம். எல்லாவற்றையும் கூட்டி, மொத்தத் தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, உங்கள் உச்ச சுத்தியல் விலையை எழுதி வையுங்கள்.

7. பதிவும் ஆவணங்களும்

ஏலத்தில் பதிவு செய்யக் கொடுக்க வேண்டியவை: பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம். கடந்த மூன்று மாதத்துக்குள் வந்த மின்கட்டண ரசீது அல்லது வங்கிக் கணக்கு அறிக்கை. இரண்டிலும் பெயர் அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும். நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது இங்கேதான்: பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் பின்னால், வங்கியில் முதலெழுத்து முன்னால் என்று இருந்தால் கேள்வி மேல் கேள்வி வரும். இரண்டையும் இணைத்துக் காட்டும் ஒரு கடிதத்தை முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய நிறுவனத்தில் முதல் தடவை பதிபவரிடம் வங்கிச் சான்றோ முன்பணமோ கேட்கலாம். 2020 முதல் பிரிட்டனில் பெரிய தொகைக் கலை வணிகத்துக்குப் பணமோசடித் தடுப்பு விதிகள் பொருந்துவதால், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கோபப்படாதீர்கள். ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பே பதிந்துவிடுங்கள். அன்று காலை பதிபவர் ஒப்புதலுக்குக் காத்திருக்கையில் லாட் போய்விடும்.

8. ஏல நாள்

நேரில், தொலைபேசியில், இணையத்தில், அல்லது உச்ச விலையை எழுதிக் கொடுத்துவிட்டு என நான்கு வழி. முதல் தடவைக்கு எழுதிக் கொடுப்பதே உத்தமம். உங்களுக்காக முடிந்தவரை குறைவாகக் கேட்பார்கள், உணர்ச்சிவசப்பட இடமில்லை. தொலைபேசி வசதியைக் குறைந்த மதிப்பீட்டு லாட்டுக்குச் சில கூடங்கள் தர மாட்டா.

ஆயிரம் முதல் இரண்டாயிரம் வரை பொதுவாக நூறு நூறாக ஏறும், அதற்கு மேல் இருநூறு. உங்கள் உச்சம் 1,900 என்றால் எதிராளி அதே படியில் நிற்கும் வாய்ப்பையும் யோசியுங்கள். நம்மூரில்போல 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று மூச்சுவிட்டுச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு லாட்டுக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது.

விலைபோகாமல் நின்ற தாளை விட்டுவிடாதீர்கள். ஏலம் முடிந்ததும் மேசையில் போய், கீழ் மதிப்பீட்டுக்குக் குறைவாக ஒரு தொகை சொல்லிப் பாருங்கள். போர்க்காட்சிகளுக்கு இது அடிக்கடி பலிக்கிறது.

பாரிஸில் மட்டும் ஒரு விந்தை: சுத்தியல் விழுந்த பிறகும் அரசின் பிரதிநிதி எழுந்து, 'அரசு எடுத்துக்கொள்கிறது' என்று சொல்லிவிடலாம். அதை உறுதி செய்ய அரசுக்குப் பதினைந்து நாள் உண்டு.

9. பணமும் பெறுதலும்

ஒரு வாரத்துக்குள் கட்ட வேண்டியிருக்கும் என்று திட்டமிடுங்கள். பதிந்தவரின் சொந்தக் கணக்கிலிருந்தே பணம் வர வேண்டும்; மைத்துனர் கணக்கிலிருந்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரசீதில் உள்ள பெயரைப் பின்னால் மாற்றுவதும் நடக்காது. சில வாரம் கழித்தால் வைப்புக் கட்டணம் ஓடத் தொடங்கும். வாங்கிய கணத்திலிருந்தோ குறிப்பிட்ட சில நாள் கழித்தோ பொறுப்பு உங்களுடையதாகிவிடும், ஆகவே காப்பீட்டை முன்பே பேசுங்கள்.

10. பிரிட்டனுக்கு வெளியே கொண்டுபோவதாக இருந்தால்

மதிப்பைப் பொறுத்து ஏற்றுமதி உரிமம் தேவைப்படலாம். பிரிட்டனில் அதை வழங்குவது ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து. சில வாரம் ஆகும், நிபுணரிடம் போனால் இன்னும் நீளும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட, 15,000 யூரோவுக்கு மேல் மதிப்புள்ள கைச்சித்திரத்துக்கு உரிமம் வேண்டும். உரிமம் தாமதமாகிறது என்று ஏல நிறுவனத்துக்குப் பணத்தைத் தாமதிக்க முடியாது.

சென்னைக்கோ கொழும்புக்கோ அனுப்புபவர் கவனிக்க: கையால் வரைந்த சித்திரம் எவ்வளவு பழையதானாலும் சுங்க வகைப்பாட்டில் 9701இல்தான் வரும், நூறாண்டு கடந்த பழம்பொருள்களுக்கான 9706இல் வராது. கூரியர்காரர் எண்ணை மாற்றிப் போட்டால் வரியும் மாறும், பெட்டியும் நிற்கும். ரசீதில் 'முழுவதும் கையால் வரைந்தது' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் சுருட்டி அனுப்ப விடாதீர்கள்.

11. வீட்டுக்கு வந்த பிறகு

சாக் தாளில் ஒட்டிக்கொண்டிருப்பதே பெரிய விஷயம். அக்ரிலிக் தகடு போட்டால் நிலைமின்சாரம் துகளை இழுத்துக்கொள்ளும். கண்ணாடிதான் வேண்டும், புறஊதாக் கதிரைத் தடுப்பதாக. தாள் கண்ணாடியைத் தொடாமல் நடுவே அட்டையின் தடிமன் இருக்க வேண்டும். ஜப்பானியக் காகிதமும் கோதுமைப் பசையும் கொண்டு மேல் விளிம்பில் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். செலோடேப் என்ற பேச்சே கூடாது. அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், சமையலறைச் சுவரும் வேண்டாம். நம்மூர் ஈரப்பதத்தில் வெளிச்சுவரில் மாட்டினால் பூஞ்சை நிச்சயம்.

சட்டம் போடுபவர் பழைய அட்டையையும் பின்பலகையையும் குப்பையில் போடுவதற்கு முன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒட்டியிருக்கும் மங்கிய கடைச் சீட்டு, பென்சில் எண், பழைய லாட் எண் எல்லாம் பிறகு விற்கும்போது ஆவணமாகும். அவற்றையும் ரசீதையும் கேட்லாக் பக்கத்தையும் நிலை அறிக்கையையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.